டெலிவரி சலானில் லாட் எண்ணுக்குப் பார்கோடு: எழுத்துரு போதுமா, நிரலிலேயே வரைய வேண்டுமா?

நொய்யல்77 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டின் கணக்கு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். பி.எச்.பி.யிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் எங்களுக்காகவே எழுதப்பட்டது அது. நூல் உள்ளே வந்து, துணி ரோலாகி, டையிங்குக்குப் போய், காம்பாக்டிங் முடிந்து திரும்பும் வரை ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒன்றாகப் போகும் துணித் தொகுதிக்கும், எட்டு இலக்க எண் ஒன்று இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளி யூனிட்டில் கூலி வேலைக்கு, துணி அனுப்பும்போது ஜி.எஸ்.டி. விதி 55-இன்படி மூன்று படிகளில் டெலிவரி சலான் போடுகிறோம். துணி திரும்பி வரும்போது கேட்டில் இருப்பவர் சலானைப் பார்த்து லாட் எண்ணைக் கையால் தட்டுகிறார். இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டால் ஒரு பார்ட்டியின் துணி இன்னொரு பார்ட்டியின் கணக்கில் ஏறிவிடுகிறது. அது மாதக் கடைசியில், எடை பொருந்தாதபோதுதான் தெரிய வருகிறது.

இதைத் தவிர்க்க, சலானின் வலது மேல் மூலையில் லாட் எண்ணைப் பார்கோடாக அச்சிட்டு, திரும்பி வரும்போது ஸ்கேன் செய்துகொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. கோடு 128 என்ற பார்கோடு வகைக்கான எழுத்துரு ஒன்றை நிறுவி, சலானில் லாட் எண்ணுக்கு மட்டும் அதைக் கொடுத்துப் பார்த்தேன். பார்வைக்குப் பார்கோடு போலவே இருக்கிறது, ஆனால் ஸ்கேனர் சத்தமே போடுவதில்லை. கோடு 39 எழுத்துருவில் எண்ணின் இருபுறமும் நட்சத்திரக்குறி இட்டால் உடனே படிக்கிறது. ஆனால் சலானில் அதற்கென ஒதுக்க முடிந்த 35 மி.மீ. இடத்தில் அது அடங்கவில்லை, எழுத்துருவின் அளவைக் குறைத்தால் படிக்கவும் மறுக்கிறது.

அலுவலகத்தில் 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசர் பிரிண்டர் ஒன்றும், ரோல் லேபிளுக்காக வாங்கிய 203 டி.பி.ஐ. தெர்மல் பிரிண்டர் ஒன்றும், கேட்டில் பழைய டாட் மேட்ரிக்ஸ் ஒன்றும் இருக்கின்றன. பார்ட்டிகளின் பெயர்களைத் தமிழில் அச்சிட வேண்டியிருப்பதால் சலானை எம்.பி.டி.எஃப். என்ற பி.எச்.பி. லைப்ரரி வழியாகப் பி.டி.எஃப். கோப்பாக உருவாக்குகிறோம். பார்கோடுக்கென்று தனியாக ஒரு காம்பொனென்ட் வாங்கி ஆண்டுதோறும் சந்தா கட்டினால்தான் இது சரிவரும் என்று ஒரு விற்பனையாளர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எட்டு இலக்கங்களை அச்சிட அது உண்மையிலேயே தேவையா? எழுத்துருவிலேயே இதை முடிக்க வழியுண்டா, அல்லது நிரலிலேயே கோடுகளை வரைவதுதான் முறையா?


குறுக்குச்சட்டம் எழுதியது:

வணக்கம். உங்கள் எழுத்துரு ஏன் ஊமையாக நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

கோடு 39 என்பது 1974-இல் இன்டர்மெக் நிறுவனத்தில் டேவிட் அலைஸும் ரே ஸ்டீவன்ஸும் உருவாக்கியது. அதில் ஒவ்வொரு எழுத்தும் தனித்து நிற்கும்: ஐந்து கோடுகள், நான்கு இடைவெளிகள், அந்த ஒன்பதில் மூன்று மட்டும் அகலமானவை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நட்சத்திரக்குறியே போதும், சரிபார்ப்பு இலக்கம் கட்டாயமில்லை. ஆகவே எழுத்துக்கு எழுத்து படத்தை மாற்றினாலே பார்கோடு கிடைத்துவிடுகிறது, எழுத்துருவுக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. 1981-இல் வந்த கோடு 128 அப்படிப்பட்டதல்ல. எந்த எழுத்துத் தொகுதியில் தொடங்குகிறது என்று சொல்லும் தொடக்கக்குறி, அதன் பின் தரவு, தரவு முழுவதையும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்புக்குறி, கடைசியாக நிறுத்தக்குறி என்ற வரிசை முழுமையாக இருந்தால்தான் ஸ்கேனர் அதைப் பார்கோடாகவே ஏற்கும். நீங்கள் எட்டு இலக்கங்களை மட்டும் கொடுத்தபோது நடுவில் உள்ள தரவு மட்டுமே அச்சாகியிருக்கிறது. முன்னும் பின்னும் வர வேண்டியவை வரவில்லை.

அந்தக் கணக்கு பெரிய வித்தையல்ல. உங்கள் லாட் எண் 24070185 என்று வைத்துக்கொள்வோம். கோடு 128-இல் மூன்று தொகுதிகள் உள்ளன. அவற்றில் மூன்றாவதான சி தொகுதி, இரண்டிரண்டு இலக்கங்களை ஒரே குறியாக அடக்கிவிடும். எனவே தரவு 24, 07, 01, 85 என்று நான்கு குறிகளாகிறது. சி தொகுதியின் தொடக்கக்குறியின் மதிப்பு 105. அதோடு 24-ஐ ஒன்றாலும், 7-ஐ இரண்டாலும், 1-ஐ மூன்றாலும், 85-ஐ நான்காலும் பெருக்கிக் கூட்டினால் 105 + 24 + 14 + 3 + 340, ஆக 486. அதை 103-ஆல் வகுத்தால் மீதி 74, அதுதான் சரிபார்ப்புக்குறி. இதைப் பி.எச்.பி.யில் பத்து வரிக்குள் எழுதிவிடலாம். எழுதிய பிறகும் எழுத்துருவில் ஒரு சிக்கல் எஞ்சும்: தொடக்கம், நிறுத்தம் போன்ற குறிகளை எந்த விசையில் வைப்பது என்பதில் கோடு 128 எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு எழுத்துருவுக்காக எழுதிய கணக்கு இன்னொன்றில் செல்லாது. அதோடு பி.டி.எஃப்.-இல் எழுத்துருவை உட்பொதிக்க மறந்துவிட்டால், அடுத்த யூனிட்டில் திறப்பவருக்குக் கோடுகளுக்குப் பதிலாக எண்களும் சில விசித்திர எழுத்துகளும்தான் தெரியும்.

நீங்கள் ஏற்கெனவே எம்.பி.டி.எஃப். வைத்திருப்பதால் இதையெல்லாம் தாண்டிவிடலாம். அதில் பார்கோடுக்கென்றே ஒரு டேக் உள்ளது. வகை என்ற இடத்தில் கோடு 128-இன் சி தொகுதியைக் குறிப்பிட்டு லாட் எண்ணைக் கொடுத்தால், தொடக்கம், சரிபார்ப்பு, நிறுத்தம் எல்லாவற்றையும் அதுவே சேர்த்துக் கோடுகளைப் புள்ளிப் படமாக அல்லாமல், எந்த அளவிலும் கூர்மை மாறாத வெக்டராக வரைந்துவிடும். சி தொகுதிக்கு இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்; எட்டு என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை, நாளைக்கு ஒன்பது இலக்கமாக்க வேண்டாம். டி.சி.பி.டி.எஃப். என்ற இன்னொரு லைப்ரரியிலும் பார்கோடு வசதி உண்டு, ஆனால் அதில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காக அமைவதில்லை, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எம்.பி.டி.எஃப். 6ஆம் பதிப்பிலிருந்து இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது என்பதால் இருப்பதையே விடாதீர்கள்.

இனி அகலம். கோடு 128-இல் ஒவ்வொரு குறியும் 11 அலகு, நிறுத்தக்குறி மட்டும் 13 அலகு. அலகு என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம். தொடக்கம், நான்கு தரவு, சரிபார்ப்பு ஆகிய ஆறுக்கும் 66, நிறுத்தத்துக்கு 13, மொத்தம் 79. இருபுறமும் பத்துப் பத்து அலகு வெற்றிடம் கட்டாயம் என்பதால் 99. ஓர் அலகு 0.254 மி.மீ. என்றால் ஏறக்குறைய 25 மி.மீ.யில் எல்லாம் அடங்கிவிடும். அதே எண், இலக்கத்துக்கு ஒரு குறி எடுக்கும் பி தொகுதியில் 36 மி.மீ. கேட்கும். அகலக் கோடு மெல்லிய கோட்டின் மூன்று மடங்கு என்று அமைத்த கோடு 39-இல் வெற்றிடத்தையும் சேர்த்தால் 45 மி.மீ. ஆகும். உங்கள் 35 மி.மீ. பெட்டியில் அது ஏன் அடங்கவில்லை என்பது இப்போது விளங்கும்.

0.254 என்று நான் சொன்னதற்கும் காரணம் உண்டு. 600 டி.பி.ஐ. பிரிண்டரில் ஒரு புள்ளி 0.0423 மி.மீ.; ஆறு புள்ளிகள் சேர்ந்தால் 0.254. மெல்லிய கோட்டின் அகலம் பிரிண்டர் புள்ளியின் முழு மடங்காக இருந்தால்தான் எல்லா மெல்லிய கோடுகளும் ஒரே அகலத்தில் விழும். பாதிப் புள்ளியை எந்தப் பிரிண்டரும் அச்சிடாது. ஒரு கோட்டை மேலே முழுமையாக்கும், அடுத்ததைக் கீழே முழுமையாக்கும். லேசரில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் ஆறில் ஒரு பங்குதான் பிழை, ஸ்கேனர் பொறுத்துக்கொள்ளும். உங்கள் லேபிள் பிரிண்டரில் பொறுக்காது. அங்கே புள்ளி 0.125 மி.மீ.; அலகை 0.19 என்று வைத்தால் ஒன்றரைப் புள்ளி ஆகிறது, ஓர் அலகுக் கோடு சில இடங்களில் ஒரு புள்ளியாகவும் சில இடங்களில் இரண்டு புள்ளியாகவும் வந்து, இரண்டு அலகுக் கோட்டோடு குழம்பிவிடும். எழுத்துருவைச் சிறிதாக்கியபோது உங்கள் கோடு 39 படிக்காமல் போனதும் பெரும்பாலும் இதனால்தான்.

கடைசியாக ஒன்று. பி.டி.எஃப்.-ஐ அச்சிடும் உரையாடல் பெட்டியில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது தேர்வாகியிருந்தால், நீங்கள் கணக்கிட்ட அளவெல்லாம் 96, 97 விழுக்காடாகச் சுருங்கி வீணாகிவிடும். உண்மையான அளவில் அச்சிடச் சொல்லி, அதையே நிலையான அமைப்பாகச் சேமித்து வையுங்கள். ஓர் அளவுகோலை வைத்துத் தாளில் அளந்து பார்ப்பது எந்தச் சோதனை மென்பொருளையும்விட விரைவானது.


மாடிவீடு எழுதியது:

மேலே உள்ள பதில் நிரல் எழுதுபவருக்குச் சரி. ஆனால் எழுத்துருவை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் அலுவலகத்தில் கோப்பு உறைகளுக்கும் அலமாரி எண்களுக்கும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே பார்கோடு 39-ஐத்தான் பயன்படுத்துகிறோம்; இடம் தாராளமாக உள்ள தாளில் அது எந்தத் தொல்லையும் தருவதில்லை. வேர்டில் பயன்படுத்துவோர் ஒன்றை மட்டும் அறிந்திருக்க வேண்டும். இருபுறமும் நட்சத்திரக்குறி இட்ட சொல்லைத் தடித்த எழுத்தாக மாற்றி, நட்சத்திரங்களை விழுங்கிவிடும் தானியங்கி வடிவமைப்பு ஒன்று அதில் இருக்கிறது. அதை அணைக்காவிட்டால் தொடக்கமும் முடிவும் காணாமல் போய், பார்கோடு இருந்தும் இல்லாததாகிவிடும்.

வேர்டு 2013 முதல் எழுத்துருவே தேவையில்லை. டிஸ்ப்ளேபார்கோடு என்ற புலத்தைச் செருகி, எண்ணையும் கோடு 128 என்ற வகையையும் கொடுத்தால் அதுவே வரைந்துவிடும். மெயில் மெர்ஜுக்கு மெர்ஜ்பார்கோடு என்ற புலம் தனியாக உள்ளது. லிப்ரேஆஃபிஸில் 6.4 முதல் க்யூஆரும், 7.3 முதல் கோட்டுப் பார்கோடும் செருக முடிகிறது. எக்செல்லிலிருந்து எண்களை எடுத்து மெர்ஜ் செய்பவர்கள் அந்த நெடுவரிசையை முதலிலேயே உரை என்று மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முன்னால் உள்ள சுழியங்கள் உதிரும், 15 இலக்கங்களுக்கு மேற்பட்டவை சுழியமாகும். பார்கோடு தவறாமல் படிக்கும். படிக்கும் எண்தான் தவறாக இருக்கும்.


ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

லேபிள் பிரிண்டர் பக்கம் நான் சொல்கிறேன். சலானுக்கு எம்.பி.டி.எஃப். சரி, ரோல் லேபிளுக்கும் பி.டி.எஃப். போட்டு விண்டோஸ் டிரைவர் வழியாக அனுப்பாதீர்கள். தெர்மல் லேபிள் பிரிண்டருக்கென்று ஒரு கட்டளை மொழி உண்டு. ஸீப்ராவில் அது இஸட்.பி.எல்., டி.எஸ்.சி.யில் டி.எஸ்.பி.எல்.; மற்றப் பல நிறுவனங்களின் பிரிண்டர்களும் இவற்றில் ஒன்றைப் புரிந்துகொள்கின்றன. 'இந்த எண்ணைக் கோடு 128-ஆக, மெல்லிய கோடு இரண்டு புள்ளி, உயரம் எண்பது புள்ளி' என்று சில வரி உரையை அனுப்பினால், கோடுகளைப் பிரிண்டரே தன் புள்ளிகளின் மேல் வரைந்துகொள்ளும். பாதிப் புள்ளி என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரிண்டர் நெட்வொர்க்கில் இருந்தால் பி.எச்.பி.யிலிருந்து 9100 என்ற போர்ட்டுக்கு அந்த உரையை நேராக எழுதிவிடலாம், டிரைவரும் வேண்டாம், காம்பொனென்ட்டும் வேண்டாம். இரண்டு புள்ளி என்றால் உங்கள் எண் வெற்றிடத்தோடு சேர்த்து 24.75 மி.மீ., மூன்று புள்ளி என்றால் 37 மி.மீ. லேபிளில் இடமிருந்தால் மூன்றையே வையுங்கள்.

அந்த லேபிள் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். ரிப்பன் இல்லாமல் அச்சிடும் நேரடித் தெர்மல் காகிதம் சூட்டுக்குக் கறுக்கும் காகிதம். துணியைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்ட்டர் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தால் லேபிள் முழுவதும் ஒரே கறுப்பாகிவிடும். டையிங்குக்குள் எந்தக் காகிதமும் துணியோடு போக முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே துணியில் எண்ணை வழக்கம்போல் தைத்தோ எழுதியோ விட்டு, பார்கோடைச் சலானிலும் லாட் கார்டிலும் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது. திரும்பி வந்த ரோலுக்குப் புதிய லேபிள் ஒட்டுங்கள், அதற்கு ரிப்பன் வைத்து அச்சிடும் வகை இருந்தால் நல்லது.

டாட் மேட்ரிக்ஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டில் அதுதான் இருக்கிறது என்கிறீர்கள். 24 ஊசி மாடல்கள் பலவற்றில் பார்கோடு கட்டளை உண்டு. புதிய ரிப்பனில் மேல் படி படிக்கும். கார்பன் படியில் வரும் பார்கோடை நம்பக் கூடாது. விதிப்படி முதல் படி பெறுபவருக்கு, இரண்டாவது வண்டிக்கு, மூன்றாவது உங்களுக்கு. இவற்றில் எது துணியோடு திரும்பி உங்கள் கேட்டுக்கு வரும் என்று பாருங்கள், அதுவே கார்பன் படியாக இருந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் பயனற்றது. மூன்றையும் லேசரில் தனித்தனியாக அச்சிடுங்கள். படிகளுக்கு வண்ணத் தாள் பயன்படுத்தினால் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று வையுங்கள். பெரும்பாலான ஸ்கேனர்களின் வெளிச்சம் சிவப்பு. அதன் கண்ணுக்கு இளஞ்சிவப்புத் தாள் வெள்ளையாகவும், நீலத் தாள் இருட்டாகவும் தெரியும்.

இன்னொன்று, இதைத் தமிழில் தட்டச்சு செய்யும் அலுவலகங்களில் மட்டுமே பார்க்கலாம். யூ.எஸ்.பி. ஸ்கேனர் தன்னை விசைப்பலகை என்றுதான் கணினியிடம் சொல்லிக்கொள்கிறது. எழுத்தை அனுப்பாமல் விசையைத் தட்டியதுபோல் அனுப்புகிறது. பார்ட்டி பெயர் அடிப்பதற்காக என்.எச்.எம். ரைட்டரிலோ இகலப்பையிலோ தமிழ்99 விசையமைப்பை இயக்கிவிட்டு, அப்படியே ஸ்கேன் செய்தால், பார்கோடில் உள்ள ஆங்கில எழுத்துகள் எல்லாம் தமிழ் எழுத்துகளாகப் பெட்டியில் வந்து விழும். எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. லாட் எண்ணின் முன்னால் யூனிட்டின் பெயரெழுத்தைச் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.


நொய்யல்77 எழுதியது:

மூவருக்கும் நன்றி. எம்.பி.டி.எஃப்.-இன் பார்கோடு டேக்கில் சி தொகுதியைக் கொடுத்து, அளவை 0.254-க்குச் சரிசெய்து, உண்மை அளவில் அச்சிட்டபோது சலானை ஸ்கேனர் எட்டத்திலிருந்தே படித்துவிடுகிறது. லேபிளுக்கு டி.எஸ்.பி.எல். முயல்கிறேன்.

இப்போது மேலிடத்திலிருந்து இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. முதலாவது, க்யூஆர் போட்டால் பார்ட்டி பெயர், துணி வகை, டயா (விட்டம்), எடை எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்துவிடலாமே, எதற்கு வெறும் எண் என்கிறார்கள். எங்கள் கூலி பில்லில் இ-இன்வாய்ஸ் க்யூஆர் ஏற்கெனவே இருப்பதால் இந்த எண்ணம் வந்திருக்கிறது. இரண்டாவது, திரும்பி வந்த சலான்களை மொத்தமாக ஸ்கேன் செய்து சேமிக்கும்போது, கோப்புக்கு லாட் எண்ணையே பெயராக வைக்க இந்தப் பார்கோடு உதவுமா?


காவிரிக்கரை எழுதியது:

முதல் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. சலானில் உள்ள பார்கோடு ஒரு திறவுகோல். விவரங்கள் உங்கள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. எடையை க்யூஆருக்குள் வைத்து அச்சிட்ட மறுநாள் டையிங்கில் எடை மாறினால், தாளில் ஒன்றும் கணினியில் ஒன்றுமாக இரண்டு உண்மைகள் உலவத் தொடங்கும், எதை நம்புவது என்று கேட்டில் இருப்பவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும். எண்ணை மட்டும் வைத்தால் எந்நேரமும் இன்றைய விவரமே கிடைக்கும். கணினித் தொடர்பு இல்லாத இடத்தில் படிக்க வேண்டிய தேவை இருந்தால் மட்டுமே விவரங்களைக் குறிக்குள் அடைப்பதில் பொருள் உண்டு.

தமிழ்ப் பெயர் என்பது இன்னொரு தடை. க்யூஆர் தமிழை ஏற்காது என்பதல்ல. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகும்; 'திருப்பூர்' என்று நாம் ஐந்தெழுத்தாகப் படிப்பது மெய், உயிர்க்குறி, புள்ளி என்று பத்துக் குறியீடுகளாகி 30 பைட் பிடிக்கும். கைபேசியில் படித்தால் சரியாகத் தெரியும். விசைப்பலகையாக நடிக்கும் ஸ்கேனரில் படித்தால், இல்லாத விசையை அது எப்படித் தட்டும்? கேள்விக்குறிகளோ குப்பையோதான் வரும். தவிர, உங்களிடம் இருப்பது லேசர் வகை ஸ்கேனராக இருந்தால் க்யூஆரை அது படிக்கவே படிக்காது, படம் பிடிக்கும் இமேஜர் வகை வேண்டும்.

இ-இன்வாய்ஸ் க்யூஆரை இதோடு ஒப்பிட முடியாது. அங்கே விவரங்கள் உள்ளே இருப்பதற்குக் காரணம் கையொப்பம். விற்பவர், வாங்குபவர் ஆகியோரின் ஜி.எஸ்.டி. எண்கள், பில் எண், தேதி, தொகை, எத்தனை வரிகள், முதன்மைப் பொருளின் வகை எண்ணான எச்.எஸ்.என்., பில்லின் தனி அடையாளமான 64 எழுத்துள்ள ஐ.ஆர்.என். ஆகியவற்றை அரசுத் தளம் மின்கையொப்பமிட்டு ஒரே நீண்ட சரமாகத் தருகிறது. இணையம் இல்லாமலேயே அதிகாரி தன் செயலியில் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே நோக்கம். அந்தச் சரத்தை வந்தபடியே குறியாக்க வேண்டும். இடையில் ஒரு வெற்றிடம் சேர்ந்தாலும், சிறிய எழுத்து பெரிய எழுத்தானாலும், தரவுத்தளப் புலத்தின் நீளம் போதாமல் கடைசிச் சில எழுத்துகள் வெட்டுப்பட்டாலும் கையொப்பம் பொய்யாகிவிடும். க்யூஆர் என்னவோ அழகாகத்தான் அச்சாகும், கைபேசியும் படிக்கும். அரசுச் செயலி மட்டும் மறுக்கும்.

அதை அச்சிடும்போது பிழைதிருத்தும் நிலையை மிக உயர்ந்ததாக வைப்பது பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். சரம் 950 எழுத்து என்று கொள்வோம். 15 விழுக்காடு சேதத்தைத் தாங்கும் எம் நிலையில் அது 25ஆம் பதிப்பில், அதாவது பக்கத்துக்கு 117 கட்டங்களில் அடங்கும். 30 விழுக்காடு தாங்கும் எச் நிலையில் 34ஆம் பதிப்பு, 153 கட்டங்கள். சுற்றிலும் நான்கு கட்ட வெற்றிடத்தைச் சேர்த்து 30 மி.மீ. சதுரத்துக்குள் வைத்தால் முதலாவதில் ஒரு கட்டம் 0.24 மி.மீ., இரண்டாவதில் 0.19-க்கும் குறைவு. கட்டம் சிறுத்ததால் படிக்க முடியாமல் போவதுதான் அதிகம், சேதத்தால் போவது குறைவு. பில் தாள் கசங்காமல்தான் போகிறது. எம் நிலையே போதும். க்யூஆரை ஜேபெக் படமாக மாற்றி ஒட்டாதீர்கள், கட்டங்களின் ஓரம் மங்கிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு, தாராளமாக முடியும். ஸீபார், ஸீக்ராசிங்கின் சி++ வடிவம் ஆகிய இரண்டும் படத்திலிருந்து பார்கோடைப் படித்துத் தரும் இலவச லைப்ரரிகள். ஒரு கோப்புறையில் விழும் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, கிடைத்த எண்ணையே கோப்பின் பெயராக்கும் நிரலை ஒரு மாலைக்குள் எழுதிவிடலாம். ஆவணக் களஞ்சியமே வேண்டுமென்றால் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற மென்பொருள், பார்கோடைக் கண்டால் பக்கக் கட்டைப் பிரிப்பது, வரிசை எண் கொடுப்பது போன்றவற்றைத் தானே செய்கிறது. தாளைப் படமாக்கும் ஸ்கேனரை 300 டி.பி.ஐ.யில் வையுங்கள். 0.254 மி.மீ. கோட்டுக்கு அப்போது மூன்று பிக்சல் கிடைக்கும். 200-இல் இரண்டுதான், சற்றே சாய்ந்த தாளில் அது போதாது. பார்கோடின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தக் கூடாது என்று பெறும் யூனிட்டுகளிடம் சொல்லி வையுங்கள், அல்லது ஸ்டாம்புக்கென்று ஒரு கட்டத்தைச் சலானின் கீழ்ப் பகுதியில் தெளிவாக வரைந்து விடுங்கள். சொல்வதைவிட வரைவது பலன் தரும். படிக்க முடியாத பக்கங்கள் எப்படியும் சில வரும். அவற்றைத் தனிக் கோப்புறைக்குத் தள்ளிக் கையால் பெயரிட வழி வைத்திருங்கள், பார்கோடின் கீழே எண்ணை எழுத்தாகவும் அச்சிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.


குறுக்குச்சட்டம் எழுதியது:

சந்தா பற்றிய உங்கள் முதல் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, ஆகவே சேர்க்கிறேன். உங்கள் தேவைக்கு வேண்டாம். விலை கொடுத்து வாங்கும் காம்பொனென்ட்டுகள் வீண் என்று சொல்லவில்லை. அஞ்சல் துறைகளின் குறிகள், மருந்துப் பெட்டியின் டேட்டா மேட்ரிக்ஸ், பல தளங்களில் ஒரே நிரல், கோளாறு என்றால் தொலைபேசியில் பதில் சொல்ல ஓர் ஆள் என்று தேவை விரியும்போது அவற்றுக்கு இடமுண்டு.

இலவசமானவற்றில் உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள். எம்.பி.டி.எஃப். ஜி.பி.எல். 2 என்ற திறமூல உரிமத்தில் வருகிறது. உங்கள் யூனிட்டுக்குள் மட்டும் ஓடும் மென்பொருளுக்கு அதனால் எந்தத் தடையும் இல்லை, ஆனால் இதே மென்பொருளைப் பக்கத்து யூனிட்டுகளுக்கு விற்கத் தொடங்கினால் மூலநிரலையும் கொடுக்கக் கடமைப்படுவீர்கள். ஜாவாவில் எழுதுபவர்கள் ஐடெக்ஸ்ட் என்ற பி.டி.எஃப். லைப்ரரியைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதைப் பார்க்கிறேன். 5ஆம் பதிப்பிலிருந்து அது ஜி.பி.எல்.-ஐவிடக் கடுமையான ஏ.ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது; மூடிய மென்பொருளில், இணையச் சேவையாக வைத்திருந்தாலும்கூட, வணிக உரிமம் வாங்க வேண்டியிருக்கும். ஸீக்ராசிங் அப்பாச்சி உரிமத்தில் கிடைப்பதால் அந்தத் தொல்லை இல்லை, என்றாலும் அதன் மூல ஜாவா வடிவம் இப்போது பராமரிப்பு நிலையில்தான் இருக்கிறது. கட்டளை வரியிலிருந்து எஸ்.வி.ஜி. என்ற வெக்டர் கோப்பாக எடுக்க ஸின்ட் என்ற மென்பொருள் நன்றாக உதவும், அநேகமாக எல்லாக் குறிகளையும் அது வரைகிறது.

லாட் எண்ணுக்கு இ.ஏ.என்.-13 போடலாமே என்று நாளை யாராவது சொல்வார்கள், கடைப் பொருள்களில் அதையே பார்த்திருப்பதால். அந்த எண்கள் ஜிஎஸ்1 அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கித் தருபவை, இந்திய அமைப்பு ஒதுக்குபவை 890 என்று தொடங்கும். நாமாக ஒன்றை உருவாக்கினால் அது இன்னொருவரின் சோப்பாகவோ பிஸ்கட்டாகவோ இருக்கலாம். உள் பயன்பாட்டுக்கென்று 200 முதல் 299 வரையான தொடக்கங்களை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றாலும், பதின்மூன்று இலக்கங்களுக்கு உங்களிடம் என்ன வேலை? எட்டு இலக்கக் கோடு 128-லேயே இருங்கள். டி.எஸ்.பி.எல்.-இல் பார்கோடு கட்டளைக்கு மெல்லிய கோடு, அகலக் கோடு என்று இரண்டு மதிப்புகள் கேட்கும். கோடு 128-இல் மெல்லியதன் மதிப்பே அளவைத் தீர்மானிக்கும், இரண்டாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.